சின்னம்மாவுக்குச் சின்ன ஸ்கேன், மாமாவுக்குப் பெரிய ஸ்கேன்

போன வருசம் ஆவணி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் சின்னம்மா வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் ஒரு கைபேசியைச் சுற்றி இருந்தோம். மறுபக்கத்தில் சுவிசில் இருக்கும் தம்பி, சின்னம்மாவின் மூத்த மகன். தாயின் இடது மார்பில் இருந்த கட்டியில் துண்டெடுத்துச் சோதித்த பயோப்சி ரிப்போர்ட் முதல் நாள்தான் கைக்கு வந்திருந்தது. புற்றுநோய்தான். அளவு ஒன்றரை சென்ரிமீற்றர். கமக்கட்டில் நெறி, அதாவது நிணநீர்க் கணு, எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

"காசப் பத்தி ஒருத்தரும் யோசிக்க வேணாம். கொழும்புக்குக் கொண்டு போய் பெட் ஸ்கேன் எடுங்க. உடம்பு முழுக்கப் பாத்திரலாம்" என்றான் தம்பி.

டொக்டர் எழுதித் தந்திருந்ததோ இரண்டு மார்புக்கும் மெமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, கமக்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே, சில இரத்தப் பரிசோதனைகள். அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் மனம் ஆறவில்லை. காசில்லாத சனம் என்று நினைத்துச் சின்ன ஸ்கேனோடு விட்டுவிட்டார்களோ? சின்னம்மா மட்டும் பேசாமல் இருந்தா.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள், வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த வாரத்தில் சின்னம்மாவுக்காகவும், அடுத்த மாதத்திலிருந்து மண்டூர் மாமாவின் தொண்டைப் புற்றுக்காகவும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவள். ஒரே குடும்பத்தில் இரண்டு நோயாளிகள், இரண்டு விதமான முடிவுகள். கத்தி வைக்காமல் உடம்புக்குள்ளே பார்க்கிற இந்த இயந்திரங்களில் எதை எப்போது தெரிவு செய்வது என்று அப்போது படித்ததை எழுதி வைக்கிறேன். கல்முனையிலோ வாழைச்சேனையிலோ இன்னொரு விறாந்தையில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கிளினிக்கில் சின்னம்மாவின் மகள் கேட்டே விட்டாள், பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று. அந்த இளம் டொக்டர் கோபிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு, "அந்தப் படத்தில என்ன வந்தா நாங்க செய்யப்போற வைத்தியம் மாறும்?" என்று திருப்பிக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் பிறகு எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் அந்தக் கேள்விதான் அளவுகோல்.

உருவம் காட்டுவது, வேலை காட்டுவது

ஸ்கேன் என்று ஒரே பேரில் சொன்னாலும் இவை இரண்டு சாதி. ஒரு சாதி உருவத்தைக் காட்டும்: எங்கே கட்டி, எவ்வளவு பெரிது, எதைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. எக்ஸ்ரே, மெமோகிராம், அல்ட்ராசவுண்ட், சீ.ரி., எம்.ஆர்.ஐ. எல்லாம் அந்தப் பக்கம். மற்றச் சாதி, உடம்பின் கலங்கள் (செல்கள்) என்ன வேலை செய்கின்றன என்று காட்டும். பெட் ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் இந்தப் பக்கம்.

1895 இல் ரொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, உடம்பை ஒரு நிழலாகத் தட்டையாக்கிக் காட்டுகிறது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன் மேல் ஒன்று விழும். அதே கதிரைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி, கணினியால் கணக்குப் போட்டு, பாணை வெட்டித் துண்டு துண்டாகப் பார்ப்பது போலக் காட்டுவதுதான் சீ.ரி. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் உருவாக்கிய இயந்திரத்தில் 1971 இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். 1979 இல் அவருக்கும் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எம்.ஆர்.ஐ.யில் கதிரே இல்லை. உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஐதரசன் கருக்களைப் பெரிய காந்தம் ஒன்று ஒழுங்குபடுத்துகிறது, வானொலி அலை அவற்றைத் தட்டுகிறது, அவை திருப்பி அனுப்பும் சைகை படமாகிறது. வழமையான 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியுடையதைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. இந்த இலக்கத்தை ஞாபகத்தில் வையுங்கள், மாமாவின் கதையில் திரும்ப வரும்.

அல்ட்ராசவுண்டை எங்கள் சனம் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பார்ப்பது என்று மட்டும் நினைக்கிறார்கள். கழுத்துக் கட்டி, தைரொயிட், கமக்கட்டு நெறி, ஈரல், இளம் பெண்களின் மார்பு என்று தோலுக்குக் கிட்ட இருப்பவற்றுக்கு அதைப் போல வசதியானது வேறில்லை. கதிர் இல்லை, காத்திருப்பும் குறைவு. அதைப் பார்த்தபடியே ஊசியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகலாம். 40 வயதுக்குக் கீழே மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மெமோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. அந்த வயதில் அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவார்கள். சின்னம்மாவுக்கு 58. அவவுக்கு மெமோகிராம் தெளிவாக விழுந்தது.

மெமோகிராம் ரிப்போர்ட்டின் அடியில் பைராட்ஸ் என்று ஒரு இலக்கம் இருக்கும். பயந்து போகாமல் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1 என்றால் ஒன்றும் இல்லை, 2 என்றால் தீங்கில்லாத மாற்றம். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, ஆறு மாதத்தில் திரும்பப் பாருங்கள். 4 உம் 5 உம் பயோப்சி எடுக்கச் சொல்லும் இலக்கங்கள். 0 என்று வந்தால் "சுத்தம்" என்று சந்தோசப்படக் கூடாது; படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் 0 ஐப் பார்த்துவிட்டு நாலு மாதம் கிளினிக் பக்கமே போகவில்லை. நல்ல காலம், அவவுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சீனி எங்கே போகிறது?

புற்றுக் கலங்கள் சாதாரண கலங்களைவிட அதிகமாகக் குளுக்கோசை விழுங்கும். 1920களிலேயே ஒட்டோ வார்பேர்க் இதைக் கண்டிருந்தார். பெட் ஸ்கேன் அந்தப் பசியைப் பயன்படுத்துகிறது. குளுக்கோசைப் போன்ற ஒரு மூலக்கூற்றில் கதிரியக்கப் புளோரின் 18 ஐ ஒட்டி ஊசியாகப் போடுவார்கள். ஒரு மணித்தியாலம் அளவில் அது பசியுள்ள கலங்களுக்குள் போய்ச் சேரும். புளோரின் வெளியிடும் பொசித்திரன் பக்கத்தில் இருக்கும் இலத்திரனோடு மோதி அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பறக்கும். சுற்றியிருக்கும் உணரிகள் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, எந்தக் கோட்டில் இருந்து வந்தன என்று கணக்கிடும். இப்போது பெரும்பாலான இடங்களில் அதோடு சீ.ரி.யும் சேர்ந்தே இருக்கிறது. ஒன்று வெளிச்சத்தைக் காட்டும், மற்றது அந்த வெளிச்சம் எந்த உறுப்பில் என்று இடம் சொல்லும்.

இது ஏன் எங்கள் ஊர்களுக்குக் கிட்ட இல்லை என்று சனம் கேட்கும். அதற்கு ஒரு காரணம் இரசாயனம். புளோரின் 18 இன் அரைவாழ்வுக்காலம் 110 நிமிடம். மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையில் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். வாகனத்தில் ஏழு மணித்தியாலம் என்று வைப்போம். நாலு முறை கிட்டப் பாதியாகி, கல்லடிப் பாலத்துக்கு வந்து சேரும்போது நூறில் ஏழு பங்குதான் மிச்சம் இருக்கும். வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சீனி உற்பத்தியாகும் இடத்துக்கோ விமானத்தில் வந்து இறங்கும் இடத்துக்கோ கிட்டத்தான் பெட் ஸ்கேன் இருக்கும். நோயாளிதான் அதனிடம் போக வேண்டும்.

எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம் 99m கொஞ்சம் பொறுமையானது. அதன் அரைவாழ்வுக்காலம் ஆறு மணித்தியாலம். அதைவிட, மொலிப்டினம் நிரப்பிய ஒரு கொள்கலனை லொறியில் கொண்டுவந்து வைத்து, வைத்தியசாலையிலேயே தேவைக்கு வடித்து எடுக்கலாம். ஊசி போட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படம். எலும்பில் மட்டும் சந்தேகம் இருந்தால் இது போதும். ஆனால் பழைய முறிவும் மூட்டு வாதமும்கூட இதில் மின்னும்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வேண்டும் என்று 2016 இல் நாடு முழுக்கச் சனம் காசு சேர்த்தது. இலக்கு 20 கோடி ரூபா. எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிஸ்கட் டின் வகுப்பு வகுப்பாகப் போனது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு இயந்திரத்துக்குக் காசு போட்ட அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நிறையும். இது ஆடம்பரப் பொருள் இல்லை என்று நாட்டுக்கு அன்றே தெரிந்திருந்தது. எங்கள் தம்பி சொன்னதும் பிழையான இயந்திரம் இல்லை. சின்னம்மாவுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

சின்னம்மாவின் முடிவு

ஒன்றரை சென்ரிமீற்றர்க் கட்டி, கையில் நெறி படவில்லை, எலும்பு நோ இல்லை, மூச்சு வாங்கவில்லை, ஈரல் பரிசோதனை ஒழுங்காக இருக்கிறது. இந்த நிலையில் நோய் தூரத்துக்குப் போயிருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர்களின் சங்கமே 2012 இல், ஆரம்பக் கட்ட மார்புப் புற்றில் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பெட், சீ.ரி., எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறது. மலிவான ஊருக்கு ஒரு சட்டம், பணக்கார ஊருக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

எடுத்தால் என்ன குறைந்துவிடும்? வீட்டில் எல்லோரும் கேட்டது அதைத்தான். குறையும். பெட் ஸ்கேனில் வெளிச்சமாகத் தெரிவதெல்லாம் புற்று இல்லை. காசநோய்த் தழும்பு, கிருமித் தொற்று, வீக்கம், அண்மையில் போட்ட தடுப்பூசியால் வீங்கிய நெறி என்று எல்லாமே சீனியைத் தின்னும். மூளையும் சிறுநீர்ப்பையும் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். நோய் பரவும் வாய்ப்புக் குறைவான ஒருவரில் தற்செயலாக ஒரு புள்ளி மின்னினால், அது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுகா அந்தப் புள்ளி என்னவென்று பார்க்க இன்னொரு ஸ்கேன், நுரையீரலில் ஊசி, இரண்டு மாதம். ஒப்பரேசன் அவ்வளவுக்குத் தள்ளிப்போகும். வராத நோயைத் தேடி, வந்த நோயை வளரவிடுவது இது.

மறுபக்கமும் உண்டு. கமக்கட்டு நெறிக்குள் ஒரு மில்லிமீற்றர் அளவில் ஒளிந்திருக்கும் புற்றைப் பெட் ஸ்கேன் காணாது. நெறியை வெட்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் அதைக் காணும். சின்னம்மாவுக்கு மூன்று கிழமையில் ஒப்பரேசன் முடிந்தது, நெறிகள் சுத்தம் என்று அந்த ரிப்போர்ட்தான் சொன்னது.

அதே சின்னம்மாவுக்குக் கட்டி ஐந்து சென்ரிமீற்றர் இருந்து, கமக்கட்டில் நெறிகள் ஒட்டிக்கொண்டு இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சீ.ரி.யும் எலும்பு ஸ்கேனும், அல்லது இரண்டுக்கும் பதிலாக ஒரு பெட் ஸ்கேனும் நியாயமானவை. நோய் தூரத்தில் இருந்தால் ஒப்பரேசன் முதலில் வருவதா, மருந்து முதலில் வருவதா என்பதே மாறும்.

மார்புக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது சில பேருக்குத்தான்: பரம்பரையில் ஓடும் மரபணு மாற்றம் உள்ளவர்கள், மெமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவர்கள், சில வகைப் பரவலான கட்டி உள்ளவர்கள்.

மாமாவின் தோளில் இருந்த இரும்பு

மாமா மண்டூர்க்காரர். 66 வயது. வயல், தோட்டம், புகையிலையோடு வெற்றிலை. விழுங்கும்போது நோகுது என்று மூன்று மாதம் கைமருந்து செய்திருக்கிறார். கழுத்தில் கட்டி எழும்பிய பிறகுதான் குருமண்வெளிக்குப் பாதையில், வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறி வந்தார். அடிநாக்கில் புற்று, கழுத்தின் ஒரு பக்கத்தில் நெறிகள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்று வாய்ப்புற்றுத்தான். வெற்றிலைத் தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே விருந்தாளியை வரவேற்கிற எங்கள் ஊரில் இதை மறைக்க முடியாது.

நாக்கும் தொண்டையும் மென்திசு. நோய் எவ்வளவு ஆழம், எந்தத் தசைக்குள் போயிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. சீ.ரி.யைவிடத் தெளிவாகக் காட்டும். பல்லுக்கு அடைத்த உலோகத்தால் சீ.ரி. படத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடு விழும். தாடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காட்டுவதில் சீ.ரி. நல்லது. டொக்டர் முதலில் எழுதியது எம்.ஆர்.ஐ.

படிவத்தைத் தமிழில் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கா? இல்ல. தலையில் கிளிப்? இல்ல. உடம்பில் இரும்புத் துண்டு? இல்ல. மாமா மோதிரத்தைக் கழற்றினார், அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தைக் கழற்றினார். சேட்டைக் கழற்றும்போது வலது தோளில் இருந்த அந்தப் பழைய வடுவைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய வடு, அதனாலேயே ஞாபகம் வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஷெல் பட்ட இடம்.

"மாமா, அது முழுக்க எடுத்தாங்களா?"

"ரெண்டு துண்டு எடுத்தாங்க மனே. மத்தது கிடக்கட்டும் எண்டு விட்டுட்டாங்க. முப்பது வருசத்துக்கு மேல ஆகுது, அது இப்பயும் இரும்பாவா இரிக்கும்?"

இரும்பு இரும்பாகத்தான் இருக்கும். பூமியைப் போல 30,000 மடங்கு காந்தத்தில் அது அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் உயிருக்கே ஆபத்து. படம் எடுக்கிற ஊழியர் உடனே நிறுத்தி, முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். மூன்று துண்டுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ஒன்று காறை எலும்புக்குக் கீழே, பெரிய இரத்தக் குழாய் போகும் பாதையில். எம்.ஆர்.ஐ. வேண்டாம், சீ.ரி. எடுப்போம் என்று கொன்சல்டன்ட் முடிவெடுத்தார்.

உடம்பில் துண்டு இருக்கிற ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்று இல்லை; எங்கே, எவ்வளவு, எந்த உலோகம் என்று பார்த்து டொக்டர்தான் சொல்லுவார். ஆனால் சொல்லாமல் விட்டால் அவரால் பார்க்க முடியாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கள் வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேர் உடம்பில் சன்னமும் ஷெல் துண்டும் இருக்கின்றன! வீட்டிலேயே கேளுங்கள். "இரும்பு இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "சண்டைக்குள்ள காயம் பட்டதா" என்று கேளுங்கள்.

சீ.ரி.யிலும் ஒரு பாடம் படித்தோம். மாமாவின் மகன் அவசரத்தில், டொக்டரின் கடிதம் இல்லாமலே, ஒரு தனியார் இடத்தில் காசு கட்டிக் கழுத்துக்குச் சீ.ரி. எடுத்துவிட்டான். இரத்தக் குழாயைப் பிரித்துக் காட்டும் கென்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுத்த படம். இரத்தக் குழாயும் நெறியும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. வைத்தியசாலையில் அந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. காசும் போய், கதிரும் வாங்கி, திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. என்ன சந்தேகம் என்று டொக்டர் எழுதித் தரும் அந்த இரண்டு வரிதான் எப்படிப் படம் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. கடிதம் இல்லாமல் ஸ்கேன் எடுக்கப் போகாதீர்கள், தயவுசெய்து.

கென்ட்ராஸ்ட் ஏற்ற முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள். சீ.ரி.க்கு ஏற்றும் அயடின் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். வயல் வேலை செய்து சிறுநீரகம் கெட்டவர்கள் எங்கள் மாகாணத்தில் இருக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

தம்பியின் காசு போன இடம்

மாமாவுக்கு ஒப்பரேசன் செய்யவில்லை. கதிர்ச் சிகிச்சையும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிந்து ஐந்தாவது கிழமை கழுத்தில் இன்னும் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. மாமி அழுதா. இப்போதே பெட் ஸ்கேன் எடுப்போம் என்று நானே சொன்னேன். டொக்டர் பொறுக்கச் சொன்னார். கதிர் பட்ட இடம் புண்பட்டுப் போய், ஆறிவரும் கலங்களும் சீனியைத் தின்னும். முந்தி எடுத்தால் எல்லாம் மின்னும், எது புற்று, எது புண் என்று தெரியாது. 12 கிழமை கழித்து எடுத்தால்தான் அந்தப் படத்தை நம்பலாம்.

இதற்குப் பின்னால் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் 564 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கழுத்து நெறிகளை எடுக்கும் ஒப்பரேசனை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தார்கள். மற்றப் பகுதிக்கு 12 கிழமையில் பெட் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் செய்தார்கள். 2016 இல் முடிவு வந்தது: உயிர் வாழ்வில் இரண்டாம் பகுதி பின்தங்கவில்லை, பெரும்பாலானோர் கத்தியிலிருந்து தப்பினார்கள். அந்தக் கழுத்து ஒப்பரேசனுக்குப் பிறகு தோளைத் தூக்க முடியாமல் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. வயல்காரருக்குத் தோள் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அந்த இளம் டொக்டரின் கேள்வியைத் திரும்ப எடுத்தோம். படத்தில் என்ன வந்தால் வைத்தியம் மாறும்? மின்னினால் ஒப்பரேசன், மின்னாவிட்டால் விட்டுப் பார்ப்பது. பதில் இருந்தது. சின்னம்மாவுக்கென்று தம்பி ஒதுக்கி வைத்திருந்த காசைக் கேட்டோம். ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினான்.

இன்னும் சில இடங்களில் பெட் ஸ்கேனுக்காகக் கொழும்பு போவது முழுக்கப் பெறுமதி. நுரையீரல் புற்றை வெட்டி எடுக்கலாம் என்று திட்டமிடும்போது முதலில் பெட் எடுத்தால், நெஞ்சைத் திறந்தும் பலனில்லாமல் போகும் ஒப்பரேசன்கள் பாதியளவாகக் குறைகின்றன என்று நெதர்லாந்தில் 188 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002 இலேயே காட்டியது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் கீமோ வேலை செய்கிறதா என்று நடுவிலும் முடிவிலும் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. மாறாக, மெதுவாக வளரும் புரஸ்டேட் புற்று, சளி போன்ற பொருள் சுரக்கும் சில குடல் புற்றுகள், ஈரல் புற்றின் ஒரு பகுதி ஆகியவற்றுக்குச் சீனிப் பசி குறைவு. அவை மின்னாமலே இருந்துவிடலாம்.

போகிறவர்களுக்கு ஒரு சில விசயம். ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் குடிக்கலாம், பிளேன்ரீகூட வேண்டாம். இரத்தத்தில் சீனி 200 ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் சாதாரணச் சீனியும் ஊசிச் சீனியும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். ரயிலில் இரவெல்லாம் இருந்து வந்து நேரே போகாமல் முதல் நாளே போய்த் தங்கினோம். ஊசி போட்ட பிறகு ஒரு மணித்தியாலம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். தசை வேலை செய்தால் அதுவும் சீனியைத் தின்னும். பேசினால் குரல்வளை மின்னும், எதையாவது சப்பினால் தாடைத் தசை மின்னும். மாமா போன்ற தொண்டை நோயாளிக்கு அது படத்தையே குழப்பிவிடும். வெற்றிலை போடுகிறவர்களோடு போகிறவர்கள் சட்டைப் பையையும் பார்த்துவிடுங்கள். வரும்போது கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுவார்கள்.

கதிர் எவ்வளவு என்று பயப்படுகிறவர்களுக்கு: இயற்கையாகவே ஒரு மனிதர் வருசத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவேட் வாங்குகிறார். நெஞ்சு எக்ஸ்ரே 0.1, மெமோகிராம் 0.4, வயிற்றுச் சீ.ரி. 8 முதல் 10, பெட்டும் சீ.ரி.யும் சேர்ந்தால் 25 வரை. புற்று இருக்கிற 66 வயது மாமாவுக்கு இது கணக்கே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு. அங்கே அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் முதலில் வரும்.

படத்தில் விழாத கலங்கள்

சின்னம்மாவின் கதைக்கு இன்னொரு பாகம் இருக்கிறது. அவவின் கட்டி ஹோர்மோனுக்கு வளரும் வகை. ஒப்பரேசனுக்குப் பிறகு ஐந்து வருசம் தினம் ஒரு குளிசை குடிக்கச் சொன்னார்கள். மூட்டு நோகிறது என்று இந்தத் தை மாதம் குளிசையை நிறுத்திவிட்டா. "ஸ்கேன்ல ஒண்டும் இல்லதானேகா. இல்லாத வருத்தத்துக்கு என்னத்துக்கு மருந்து?" என்று மாமியிடம் சொல்லியிருக்கிறா.

அன்றைக்குச் சின்னம்மாவோடு குசினியில் இருந்து பேசினேன். ஒரு கன சென்ரிமீற்றர்க் கட்டியில் கிட்டத்தட்ட 100 கோடி கலங்கள் இருக்கும். பெட் ஸ்கேன் கண்ணுக்குத் தெரிய ஐந்து மில்லிமீற்றர் அளவாவது வேண்டும். அதிலேயே சில கோடிக் கலங்கள். அதற்குக் கீழே இருப்பது எந்த இயந்திரத்துக்கும் இருட்டு. மார்புப் புற்றில் எல்லாக் கலமும் சமன் இல்லை என்று 2003 இல் மிச்சிகனில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட வகைக் கலம் நூறளவில் இருந்தாலே எலியில் புதிய கட்டி முளைத்தது. மற்ற வகைக் கலங்களைப் பல்லாயிரக்கணக்கில் வைத்தும் முளைக்கவில்லை. முளைக்கிற அந்தக் கலங்களைத்தான் புற்றின் ஸ்டெம் செல், குருத்தணு என்று சொல்கிறார்கள். வயலில் புல்லை வெட்டினாலும் கோரைக் கிழங்கு மண்ணுக்குள்ளே கிடக்கிற மாதிரி. நூறு கலம் எந்த ஸ்கேனில் விழும்? குளிசை காவல் இருப்பது அவற்றுக்காகத்தான்.

சின்னம்மாவுக்குக் கோரைக் கிழங்கு தெரியும். பெரியப்பாவின் வயலில் இருந்து பிடுங்கி வளர்ந்தவ. மூட்டு நோவைக் கிளினிக்கில் சொன்னபோது குளிசையை மாற்றித் தந்தார்கள்.

தம்பி இன்னொன்றும் கேட்டிருந்தான்: ஸ்டெம் செல் ஏற்றி உறுப்பைத் திருத்துகிறோம், ஸ்கேனில் காட்டுகிறோம் என்று வரும் விளம்பரங்கள் உண்மையா என்று. இரத்தப் புற்றுக்கும் லிம்போமாவுக்கும் எலும்பு மச்சையிலிருந்து ஸ்டெம் செல் மாற்றுவது நிறுவப்பட்ட வைத்தியம். அதைத் தாண்டி, ஏற்றிய செல் உடம்பில் எங்கே போகிறது என்று பார்ப்பது இன்னும் ஆய்வுகூட வேலை. செல்லுக்குள் இரும்பு ஒட்சைட்டு நுண்துணிக்கைகளைப் புகுத்தினால் எம்.ஆர்.ஐ.யில் அது கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஆனால் அந்தச் செல் செத்துப்போனால், துப்பரவு செய்யும் வெண்குருதிக் கலம் இரும்பை விழுங்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். புள்ளி அப்படியே இருக்கும், செல் இருக்காது. கதிரியக்கத்தால் அடையாளம் இட்டால் சில நாளில் வெளிச்சம் அணைந்துவிடும். உயிரோடு இருக்கும் வரை மட்டும் சைகை தரும்படி செல்லின் மரபணுவையே மாற்றும் முறை எலிகளில் நன்றாக வேலை செய்கிறது. படத்தில் ஒரு புள்ளியைக் காட்டிக் காசு கேட்கிறவரிடம், அந்தப் புள்ளி உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மாமாவின் பெட் ஸ்கேன் முடிவு மூன்றாம் நாள் வந்தது. கழுத்துக் கட்டி படத்தில் தெரிந்தது, வெளிச்சம் இல்லை. வெட்டத் தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக்குக்கு வரட்டும் என்றார்கள். படங்களையும் சீடியையும் பழைய உரப்பையில் சுற்றி மாமி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறா. அடுத்த படத்தோடு ஒப்பிட அவை வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன கிழமை பாதையில் மண்டூருக்குப் போனபோது மாமா வரம்பில் நின்று மண்வெட்டியை வலது தோளில் போட்டுக்கொண்டு கையை அசைத்தார். சின்னம்மாவின் மெமோகிராம் திகதி வருகிற ஆவணியில். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறோம்.